அணுக்குடை: பிடிப்பவர் நனையத் தயாரா?

குன்னூரில் மலை ரயில் ஏறி ஊட்டிப் பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன், அதற்கடுத்தது அருவங்காடு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் இருக்கின்றன. அருவங்காட்டில் நூறு வருடம் தாண்டிய கார்டைட் ஃபாக்டரி. இந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்காரரோ ஃபாக்டரிக்காரரோ இல்லாத தெரு குறைவு. ஸ்டாஃப் காலேஜுக்கு வருடாவருடம் நட்பு நாட்டு அதிகாரிகளும் படிக்க வருகிறார்கள். பஜாரில் காரட் விலை பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் டீக்கடைப் பேச்சு உள்ளூர் அரசியலிலிருந்து உலக அரசியலுக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. குரூப் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவன் அப்படித்தான் கேட்டான்: "ஜப்பான்கிட்ட அணுகுண்டு இல்ல. தென்கொரியாகிட்டயும் இல்ல. அமெரிக்கா பார்த்துக்கும்னு இருக்காங்க. நிஜமாவே பார்த்துக்குமாண்ணா?"

எழுபது வருடமாக வாஷிங்டனிலும் சியோலிலும் பாரிஸிலும் பெரிய பெரிய ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

எதிரியைத் தடுக்க இரண்டு வழி உண்டு. சுவர் எழுப்பி, படை நிறுத்தி, உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது ஒரு வழி. "நீ உள்ளே வரலாம், ஆனால் வந்தால் உன் ஊர் மிஞ்சாது" என்று சொல்லி, வரும் எண்ணமே இல்லாமல் செய்வது இன்னொரு வழி. அணு ஆயுதத் தடுப்பு என்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதற்குக் குண்டு மட்டும் போதாது. எதிரி முந்திக்கொண்டு அடித்தாலும் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். கடலுக்கடியில் ஏவுகணையோடு நீர்மூழ்கிகள் ஒளிந்து திரிவது அதற்காகத்தான். திருப்பி அடிக்கும் மனசும் இருக்க வேண்டும். அந்த மனசு இருக்கிறது என்று எதிரி நம்பவும் வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் முழு வியாபாரத்தின் அடிப்படை. குண்டைப் போட வேண்டி வந்துவிட்டால், தடுப்பு தோற்றுப்போனது என்றுதான் பொருள்.

தன் நாட்டைக் காக்கக் குண்டு போடுவேன் என்று ஒருவர் சொன்னால் உலகம் எளிதாக நம்பிவிடும். அடுத்த நாட்டைக் காக்கப் போடுவேன் என்றால்? அங்கேதான் சிக்கல்.

கூட்டணி என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரிய கட்சியோடு சேரும் சின்னக் கட்சிக்கு எப்போதும் இரண்டு பயம் இருக்கும். கடைசி நேரத்தில் கழற்றிவிட்டுவிடுவார்களோ என்பது ஒன்று. பெரிய கட்சி இழுத்துவிட்ட வம்புக்கெல்லாம் நாமும் பதில் சொல்ல வேண்டி வருமோ என்பது இன்னொன்று. அமெரிக்க அரசியல் அறிஞர் க்ளென் ஸ்னைடர் 1984ல் எழுதிய கட்டுரை நாடுகளின் கூட்டணி பற்றிச் சொன்னதும் இதைத்தான்: கைவிடப்படும் பயம், மாட்டிக்கொள்ளும் பயம். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது ஏறும். கைவிட்டுவிடுவார்களோ என்று நெருங்கிப் போனால் அவர்கள் சண்டை நம் சண்டையாகிவிடும். அந்தச் சண்டை வேண்டாம் என்று ஒதுங்கினால், நமக்கு ஆபத்து வரும் நாளில் அவர்களும் ஒதுங்குவார்கள்.

பெரியவருக்கும் இதே பயங்கள் உண்டு. கொரியப் போர் 1953 ஜூலையில் நின்றபோது தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே மறுத்தார். வடக்கே படை நடத்திப் போக வேண்டும் என்று நின்றவர் அவர். அந்த அக்டோபரில் அமெரிக்கா அவரோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. வடகொரியாவைத் தடுக்க எவ்வளவு உதவியதோ, ரீயைக் கட்டிவைக்கவும் அது அவ்வளவு உதவியது. இன்றுவரை போர் வந்தால் தென்கொரியப் படைகளை வழிநடத்தும் அதிகாரம் அமெரிக்கத் தளபதி தலைமையிலான கூட்டுத் தலைமையகத்துக்குப் போகும். அமைதிக் கால அதிகாரமே 1994ல்தான் சியோலுக்குத் திரும்பியது.

சமமில்லாத கூட்டணி எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு நம் பள்ளிப் பாடத்திலேயே சாட்சி இருக்கிறது. வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டத்தை இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்போம். ஹைதராபாத் நிஜாம் 1798ல் அதில் சேர்ந்தார். பிரெஞ்சு அதிகாரிகள் பழக்கிய தன் படையைக் கலைத்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தன் செலவில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் கம்பெனியும் நிஜாமும் சேர்ந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட, திப்பு போரில் இறந்தார். இந்த நீலகிரி கம்பெனி கைக்கு வந்தது அந்த வெற்றியின் வழியாகத்தான். நிஜாமுக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் 1800ல், படைச் செலவுக்கு ஈடாக, 1792லும் 1799லும் மைசூரிடமிருந்து கிடைத்த நிலங்களையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பெல்லாரி, கடப்பா பக்கமெல்லாம் அப்படித்தான் போனது. பாதுகாப்புக்குக் கொடுத்த விலையில் சொந்தப் படையும் போனது, வென்ற நிலமும் போனது, வேண்டாம் என்று சொல்லும் வாயும் போனது.

இன்றைய கூட்டணிகள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் 'பாதுகாப்பு' என்று எங்கே கண்டாலும் யார் செலவு, யார் படை, யார் கட்டளை என்று கேட்கும் பழக்கம் நமக்கு இந்த வரலாற்றிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவுக்கு வருவோம். 1949 ஏப்ரல் 4 அன்று 12 நாடுகள் சேர்ந்து தொடங்கியது, இப்போது 32. அதில் ஒன்றான ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது, அதுவும் தொடக்க நாளிலிருந்தே உறுப்பினர். புகழ்பெற்ற 5ஆம் பிரிவை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்பது முதல் பாதி. அப்போது ஒவ்வொரு நாடும் 'தேவை என்று தான் கருதும்' நடவடிக்கையை எடுக்கும், அதில் ஆயுதப் படையும் அடங்கும் என்பது மறு பாதி. என்ன தேவை என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். போர் அறிவிக்கும் உரிமை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் இருப்பதால் தானாகவே போருக்குள் இழுக்கும் வாசகத்தை அமெரிக்க செனட் விரும்பவில்லை. எனவே சட்டப்படி பார்த்தால் வாக்குறுதி அவ்வளவு இறுக்கமானதல்ல. அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, இருப்பதிலேயே பெரிய உறுப்பினரான அமெரிக்காவுக்காக.

இனி அணுக்குடை. அமெரிக்கா தன் அணு ஆயுதத்தைக் கூட்டாளிகளுக்காகவும் பயன்படுத்தும் என்ற வாக்குறுதிக்குத்தான் அந்தப் பெயர். 1950களின் நடுப்பகுதி வரை இந்த வாக்குறுதி வாஷிங்டனுக்கு மலிவானது. சோவியத் குண்டு அமெரிக்க நகரங்களை எட்டுவது கடினம், ஆகவே ஐரோப்பாவுக்காக மாஸ்கோவை மிரட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் ஏறியது. விண்வெளிக்குச் செயற்கைக்கோளை ஏற்றும் ராக்கெட்டால் நியூயார்க்குக்குக் குண்டையும் அனுப்ப முடியும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அதன்பின் ஐரோப்பா கேட்கத் தொடங்கிய கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்டவர் பிரெஞ்சு அதிபர் டி கால். 1961ல் பாரிஸ் வந்த அமெரிக்க அதிபர் கென்னடியிடம், பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்க அமெரிக்கா தயாரா என்றார். கென்னடி தன் உறுதியைச் சொன்னார். டி கால் நம்பவில்லை. பதிலுக்காக அவர் காத்திருக்கவும் இல்லை: 1960 பிப்ரவரியிலேயே பிரான்ஸ் சஹாராவில் தன் முதல் குண்டை வெடித்துவிட்டது. 1966ல் நேட்டோவின் கூட்டு ராணுவக் கட்டளையிலிருந்தும் விலகியது. கூட்டணியில் இருந்துகொண்டே கட்டளைக்கு உட்படாமல் இருந்தது. திரும்பச் சேர்ந்தது 2009ல்.

பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி இந்தச் சங்கடத்தை ஒரு கணக்காகச் சொன்னார். ரஷ்யர்களைத் தடுக்க, அமெரிக்கா திருப்பி அடிக்கும் என்பதில் 5 சதவீத நம்பிக்கை இருந்தால் போதும். ஐரோப்பியர்களைத் தேற்றவோ 95 சதவீதம் வேண்டும். இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை. எதிரியின் பக்கம் நின்று பாருங்கள்: என் நகரங்கள் சாம்பலாக இருபதில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் அந்தச் சூதாட்டம் எனக்கு வேண்டாம். நண்பனின் பக்கம் நின்று பாருங்கள்: பெரியவர் வராமல் போக இருபதில் ஒரு வாய்ப்பு இருந்தாலும், அந்த ஒன்றில் போவது என் நாடு. எதிரியை மிரட்டுவதைவிட நண்பனை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. கூட்டணிச் செய்திகளில் பாதி, நண்பனைத் தேற்றும் ஏற்பாடுகள் பற்றியவைதான்.

அந்த ஏற்பாடுகளில் மிகப் பழையது வெளிநாட்டில் நிற்கும் படைவீரன். பனிப்போர் காலத்து மேற்கு பெர்லின் நாலாபுறமும் கிழக்கு ஜெர்மனி சூழ்ந்திருந்த நகரம். அங்கிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளால் சோவியத் படையைத் தடுத்து நிறுத்தியிருக்கவே முடியாது. பிறகு எதற்கு இருந்தார்கள்? பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங்கின் விடை கொடூரமாக நேரானது: அவர்களால் சாக முடியும். அமெரிக்க வீரர்கள் செத்து விழுந்த பிறகு எந்த அமெரிக்க அதிபராலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அது எதிரிக்கும் தெரியும், நண்பனுக்கும் தெரியும். தென்கொரியாவில் இன்று இருக்கும் சுமார் 28,500 அமெரிக்கப் படையினர் சண்டை போடத் தெரிந்தவர்கள்தான். ஆனால் சியோலுக்கு அவர்கள் திறமையைவிட அவர்கள் அங்கே இருப்பதுதான் முக்கியம். பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைந்த ஊரிலிருந்து இந்தக் கணக்கைப் படிக்கும்போது வயிறு கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது.

அடுத்தது, குண்டையே நண்பன் வீட்டில் வைப்பது. ஜெர்மனியின் ப்யூகெல் விமானதளம் இதற்கு நல்ல உதாரணம். விமானம் ஜெர்மனியுடையது, விமானியும் ஜெர்மன்காரர். குண்டு அமெரிக்காவுடையது. விமானக் கொட்டகையின் தரைக்கடியில் இரும்புப் பெட்டகத்தில் வைத்து, அமெரிக்க வீரர்கள் காவல் காக்கிறார்கள். குண்டின் மின்பூட்டு திறக்க வேண்டுமானால் அமெரிக்க அதிபரின் அனுமதி வர வேண்டும். வந்தாலும், தன் விமானத்தைக் கிளப்ப ஜெர்மன் அரசு உத்தரவிட வேண்டும். ஆக, சின்னக் கூட்டாளிக்கு 'முடியாது' என்று சொல்ல உரிமை உண்டு. தனியாக 'போடு' என்று சொல்ல உரிமை இல்லை. பெல்ஜியம், நெதர்லாந்து, இத்தாலி ஆகியவையும் இதே ஏற்பாட்டில் இருக்கின்றன. விமானத்தில் தூக்கிப் போடும் இந்தக் குண்டுகளுக்கு இன்றைய போரில் என்ன பயன் என்று ராணுவக்காரர்களே வாதாடுகிறார்கள். பயன் வேறு இடத்தில் இருக்கிறது. குண்டு தன் மண்ணில் இருந்தால், அது பற்றிய பேச்சு நடக்கும் அறையில் தனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். நேட்டோவின் அணு ஆயுதத் திட்டக் குழு 1960களில் அமைந்ததே அதற்காகத்தான்.

மூன்றாவது வகை வெறும் காட்சி. தென்கொரியாவில் அமெரிக்கா 1958 முதல் வைத்திருந்த அணு ஆயுதங்கள் 1991ல் திரும்பப் போயின. வடகொரியா 2006ல் முதல் குண்டை வெடித்தது, 2017ல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. டி காலின் கேள்வியை இப்போது சியோல் கேட்டது. பதிலாக 2023 ஏப்ரலில், குடை உறுதியை மறுபடி சொல்லும் வாஷிங்டன் பிரகடனம் வந்தது, ஆலோசனைக் குழு ஒன்றும் வந்தது. அந்த ஜூலையில் கென்டக்கி என்ற அமெரிக்க ஏவுகணை நீர்மூழ்கி பூசான் துறைமுகத்தில் வந்து நின்றது. அந்த வகை நீர்மூழ்கி கொரியாவுக்கு வந்தது 1981க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அப்போதைய தென்கொரிய அதிபர் யூன் அதில் ஏறிப் பார்த்தார். யோசித்துப் பாருங்கள், ஒளிந்திருப்பதற்காகவே கட்டிய கப்பல் அது. துறைமுகத்தில் கேமராவுக்கு முன்னால் நின்றால் அதன் ராணுவப் பயன் கூடுவதில்லை, குறையத்தான் செய்யும். வந்தது சியோல் பார்ப்பதற்காக. 5 சதவீதத்தை 95 ஆக்கும் செலவு அது.

குடைக்குள் நிற்பவர் சொந்தக் குடை வாங்கக் கூடாது என்பதும் நிபந்தனைதான். 1971ல் அமெரிக்கா ஒரு டிவிஷனையே தென்கொரியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணு ஆயுத வேலையைத் தொடங்கினார். வாஷிங்டன் கண்டுபிடித்து நெருக்கியது. 1975ல் தென்கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஏற்றது.

பெரியவர்கள் இருவர் பேரம் பேசும்போது சின்னவர்கள் எங்கே இருப்பார்கள்? 1962 அக்டோபரைப் பாருங்கள். சோவியத் ஏவுகணைகள் கியூபாவில், அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் துருக்கியில். உலகம் அழிவின் விளிம்பில் நின்ற அந்த நாட்களின் கடைசி இரவில், கென்னடியின் தம்பி ராபர்ட் சோவியத் தூதர் டோப்ரினினிடம் ரகசியமாகச் சொன்னார்: துருக்கியில் இருப்பவையும் போய்விடும், ஆனால் வெளியே சொல்லக் கூடாது. மறுநாள் சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுப்பதாக அறிவித்தார். கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தி நிறுவனங்கள் வழியாகத் தெரிந்துகொண்டு அவர் கொதித்துப்போனார். துருக்கிக்கோ பேரம் நடந்ததே சொல்லப்படவில்லை. அவை பழையதாகிவிட்டன, நீர்மூழ்கி ஏவுகணை வரும் என்று சமாதானம் சொல்லி 1963 ஏப்ரலுக்குள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எதிரெதிர் முகாம்களின் இரண்டு சின்னக் கூட்டாளிகளுக்கும் ஒரே வாரத்தில் ஒரே மரியாதை.

முடியாது என்று சொன்ன சின்ன நாடும் உண்டு. 1984ல் நியூசிலாந்தில் ஆட்சிக்கு வந்த டேவிட் லாங்கே அரசு, அணு ஆயுதக் கப்பல்கள் தங்கள் துறைமுகத்துக்கு வரக் கூடாது என்றது. தன் கப்பலில் குண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில்லை என்பது அமெரிக்காவின் வழக்கம். 1985ல் புக்கானன் என்ற கப்பலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1986ல் அமெரிக்கா நியூசிலாந்துக்கான தன் பாதுகாப்புக் கடமையை நிறுத்திவைத்தது. பக்கத்தில் எதிரி இல்லாத தீவால் அந்த விலையைக் கொடுக்க முடிந்தது.

நம் கதை எங்கே வருகிறது? இந்தியா யாருடைய குடைக்கும் ஆசைப்பட்டதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1964 அக்டோபர் 16 அன்று சீனா முதல் குண்டை வெடித்தது, 1962 போரின் காயம் ஆறாத நேரத்தில். சாஸ்திரி பிரதமர், நம் காமராஜர் காங்கிரஸ் தலைவர். அந்த டிசம்பரில் லண்டன் போன சாஸ்திரி, குண்டு இல்லாத நாடுகளுக்கு வல்லரசுகள் பாதுகாப்பு உறுதி தர வேண்டும் என்று பேசினார். 1967ல் பிரதமரின் செயலாளர் எல்.கே.ஜா மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் அதே கோரிக்கையோடு போனார். கிடைத்தது 1968 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 255ஆம் தீர்மானம். அணு ஆயுத மிரட்டல் வந்தால் பாதுகாப்பு அவை உடனே செயல்பட வேண்டியிருக்கும் என்கிற அளவில் ஒரு வாசகம். நேட்டோவின் 5ஆம் பிரிவே தளர்வானது என்றால் இது அதைவிடத் தளர்வு. இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. குடை கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பிய இந்த நான்கு வருடக் கதைக்கு நம் பாடப்புத்தகங்களில் இன்னும் கொஞ்சம் இடம் தரலாம்.

1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் போட்டோம். அதன் 9ஆம் பிரிவு, தாக்குதலோ மிரட்டலோ வந்தால் இருவரும் உடனே கலந்து பேசுவார்கள் என்கிறது. காப்பாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த டிசம்பரில் வங்கதேசப் போரின் நடுவே அமெரிக்காவின் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்தபோது டெல்லிக்கு அது ஒரு தெம்பு. அப்போதைய ராணுவத் தளபதி மானெக்‌ஷா, ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியிருந்து 2008ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானவர். அவர் காரைச் சாலையில் பார்த்து சல்யூட் வைத்த பழைய ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

1974லும் 1998லும் பொக்ரானில் வெடித்த பிறகு, கொள்கை எழுத ஒரு குழு உட்கார்ந்தது. அதன் தலைமையில் இருந்தவர் திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம். 1999 ஆகஸ்டில் வந்த வரைவும் 2003 ஜனவரியில் அரசு அறிவித்த கொள்கையும் சொன்னது: முதலில் போடமாட்டோம், எதிரி போட்டால் திருப்பி அடிப்போம், அதற்குத் தேவையான குறைந்த அளவு வைத்துக்கொள்வோம். சொந்தக் குண்டு என்பதால் இங்கே டி காலின் கேள்விக்கு இடமில்லை. அடுத்தவருக்குக் குடை பிடிக்கும் வாக்குறுதியும் அதில் இல்லை.

நம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அண்மையில் அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறார். 2025 செப்டம்பர் 17 அன்று ரியாத்தில் சவுதி அரேபியாவும் பாகிஸ்தானும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. ஒருவர் மீதான தாக்குதல் இருவர் மீதான தாக்குதல் என்று கூட்டறிக்கை சொல்கிறது. அணு ஆயுதம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பணம் இருப்பவரிடம் குண்டு இல்லை, குண்டு இருப்பவரிடம் பணம் இல்லை, யார் பெரிய கூட்டாளி என்றே சட்டென்று சொல்ல முடியாத ஜோடி. பாகிஸ்தான் படையினர் பல பத்தாண்டுகளாகவே சவுதியில் இருந்து வருகிறார்கள். பெர்லின் கணக்கின்படி, அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்தப் படையினர் கூடுகிறார்களா, எல்லைக்கு எவ்வளவு அருகில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதைப் பார்ப்பதுதான் உபயோகம்.